முதல் எண்பது நாள்

"தம்பி, எது புல்லு, எது களைன்னு நீங்களே ஒரு சாலு நடந்து காட்டிப்போடுங்க. அப்பறம் நட்டதையும் சேத்தி வெட்டிப்போட்டாங்கன்னு எங்களைய நோவக் கூடாது."

களைவெட்ட வந்திருந்த பதின்மூன்று பேரில் மூத்த அக்கா அவர். எங்கள் ஊரில் நாற்பது வருசமாகக் களைக்கொத்துப் பிடிக்கிற கை. நேப்பியர் என்கிற தீவனப்புல்லின் கரணை, அதாவது கணுவோடு வெட்டிய தண்டுத்துண்டு, நட்டு அன்றைக்கு 23ஆம் நாள். ஐப்பசி மழை பத்து நாளாக விட்டுவிட்டுப் பெய்து, அன்று காலையில்தான் வெறித்திருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் இரண்டு ஏக்கரும் ஒரே பச்சை. கீழே சாரணத்தி பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. அதற்கு மேலே தொய்யக்கீரை, பண்ணைக்கீரை. அவற்றுக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டு பார்த்தீனியம்.

நான் சாலில் இறங்கினேன். குனிந்து இரண்டு கையாலும் சாரணத்தியை விலக்கி, விரல் நீளத்துக்கு வெளுத்து நின்ற ஒரு குருத்தைத் தொட்டு, "இதுதானுங்க்கா" என்றேன்.

அவர் கிட்டத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். "இது காக்காக்கால் புல்லுங் தம்பி." பக்கத்திலேயே கொத்தால் மெதுவாக மண்ணைக் கிளறினார். அரைச்சாண் ஆழத்தில் நான் நட்ட கரணை இருந்தது. கணுவிலிருந்து ஒரு முளை கிளம்பி, வெளிச்சம் கிடைக்காமல் மஞ்சளாக வளைந்து கிடந்தது. "இதுதான் உங்க பயிரு."

அந்த முளையின் நிறம் இன்னும் கண்ணில் இருக்கிறது. நான்கு வருசம் ஆகப்போகிறது. எரிவாயுவுக்காகப் புல் வளர்ப்பதைப் பற்றி இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவே. சுக்கான்கல் கலந்த செம்மண். வாய்க்கால் பாசனம் எட்டாத மேடு. கிணறும் போரும் உள்ள இடம் தோட்டம், மானம் பார்த்தது காடு. அப்பா காலத்தில் தறி போட்டோம். பன்னிரண்டு தறி ஓடிய கொட்டகை, ஆள் கிடைக்காமலும் கூலி கட்டாமலும் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் நான் காட்டுக்கே திரும்பினேன். அந்தச் சமயத்தில்தான் புல் வாங்குகிற ஆள் வந்தார்.

மத்திய அரசு 2018இல் சதத் (SATAT) என்ற எரிவாயுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, சாணம், கோழி எச்சம், ஆலைக் கழிவு, புல் என்று மக்குகிற எதிலிருந்தும் எரிவாயு எடுத்து, சுத்தப்படுத்தி, அழுத்தி வண்டிகளுக்கு விற்கும் ஆலைகள் பற்றிய பேச்சு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் அப்படி ஓர் ஆலை இருக்கிறது. கழிவு வருசம் முழுக்க ஒரே அளவில் வராது, அதனால் புல்லையும் ஒப்பந்தத்துக்கு வளர்த்து வாங்கப்போகிறோம் என்றார் வந்தவர். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 ரகங்கள். எக்டருக்கு வருசத்தில் 360இலிருந்து 400 டன் வரை பச்சைப்புல், ஏழு அறுப்பு. ஒருதரம் நட்டால் ஐந்து வருசத்துக்குக் குறையாமல் அறுக்கலாம், உழவு வேண்டாம், விதை வேண்டாம்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த எண்கள் பல்கலைக்கழகக் கையேட்டிலேயே உள்ளவை. ஆனால் இரண்டு மணி நேரம் பேசிய அந்த மனிதர் வாயிலிருந்து 'களை' என்ற சொல் ஒருதரம்கூட வரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆளுயரம், அதற்கு மேலும் வளர்கிற புல்லுக்குக் களை என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன்.

வளர்ந்த நேப்பியருக்குக் களை ஒன்றும் செய்யாது. அது உண்மை. புல் மூடிவிட்டால் கீழே வெயில் இறங்காது, வெயில் இறங்காத இடத்தில் கோரைகூடச் சோர்ந்துபோகும். வம்பெல்லாம் அந்த மூடுதலுக்கு முன்னால் இருக்கிற நாட்களில்தான். கரணை முளைக்க ஒரு வாரம், பத்து நாள். முதல் அறுப்பு 75, 80 நாளில். இந்த எண்பது நாளில் முதல் நாற்பது, நாற்பத்தைந்து நாள் மண் பாதிக்கு மேல் திறந்தே கிடக்கும். தண்ணீரும் எருவும் நாம் கொடுக்கிறோம். நம் பயிர் எழுந்திரிக்க நாளாகும், களை மூன்றாம் நாளே எழுந்துவிடும்.

மக்காச்சோளத்தில் களை மிஞ்சினால் அந்தப் போகம் போகும். அடுத்த போகத்துக்கு உழுது புதுசாக ஆரம்பித்துக்கொள்ளலாம். பல வருசப் புல்லுக்கு அந்த வசதி கிடையாது. 23ஆம் நாள் மஞ்சளாக வளைந்து கிடந்த முளைகளில் எத்தனை செத்தனவோ அத்தனை இடமும் காலியாகவே நிற்கும். முதல் அறுப்பு முடிந்தபின் பத்துச் சாலில் நடந்து எண்ணினேன். நட்டதில் நூற்றுக்கு முப்பத்தொரு குத்து, அதாவது தூர், இல்லை. பல்லுப்போன வாய் மாதிரி இருந்தது காடு. பக்கத்துக் குத்து மூன்றடி உயரம் வந்துவிட்ட பிறகு அந்தப் பொக்கையில் புதுக்கரணை வைத்தால் நிழலில் பிழைக்காது. வைத்தேன், பிழைக்கவில்லை. அந்தப் பொக்கைகளில்தான் இன்றைக்கும் பார்த்தீனியம் பூக்கிறது, விதை கொட்டுகிறது, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் அங்கிருந்துதான் பரவுகிறது.

கரணையாவது கணுவுக்குள் கொஞ்சம் சோறு கட்டிக்கொண்டு வருகிறது. விதையிலிருந்து வருகிற புல்லின் பாடு இன்னும் கஷ்டம். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கொறங்காடு வைத்திருந்தவர். கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்ததே அந்தப் புல்லில்தான். கொழுக்கட்டை விதை பஞ்சு மாதிரி, ஊதினால் பறக்கும். புது விதையை உடனே விதைத்தால் சரியாக முளைக்காது, ஆறு ஏழு மாதம் உறக்கம் தெளிய வேண்டும். முளைத்தால் நூல் கனம். அந்த நூலைக் களைக்கு நடுவே கண்டுபிடித்துக் காப்பாற்ற யாராலும் ஆகாது. அப்பாரு அதற்குக் கொள்ளை விதைத்து, அதோடு புல் விதையைச் செம்மண்ணில் பிசைந்து தூவுவார். கொள்ளு மண்ணை மூடிக் களையை அமுக்கும், புல் அதன் அடியில் வேர் பிடிக்கும். முதல் வருசம் அந்தக் காட்டுக்குள் ஓர் ஆட்டுக்குட்டிகூடப் போக விடமாட்டார். சிறுவயதில் படலைத் திறந்துவிட்டு நான் வாங்கிய அடி நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் எரிசக்திக்காக வளர்க்கும் சுவிட்ச்கிராஸ் என்ற புல்லும் இப்படித்தான், சின்ன விதை, மெதுவாக எழுகிற நாற்று. முதல் வருசம் களைதான் அதற்குப் பெரிய எதிரி, முழு விளைச்சலுக்கு மூன்றாம் வருசம் ஆகும். ஐரோப்பாவிலும் அங்கும் நடுகிற மிஸ்காந்தஸ் புல்லை விதைப்பதில்லை, வேர்க்கிழங்கு நடுகிறார்கள். அதற்கும் முதல் இரண்டு வருசம் களைப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. குளிர்காலம் நம் ஊரில் இல்லாததால் அவர்களுக்கு இரண்டு மூன்று வருசம் நீளும் சங்கடம் நமக்கு எண்பது நாளில் முடிகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலைவிட வருத்தம்தான் வந்தது. எண்பதே நாள். அதைக்கூடச் சரியாகப் பார்க்காமல் விட்டேனே.

என்னென்ன தப்புச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் தப்பு எரு. நடவுக்கு முன்னால் ஆட்டுப்பட்டி போட்டேன். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். செம்மறிக்காரர் பத்து நாள் ராத்திரி கிடை மறித்தால் நிலம் தேறிவிடும். அந்த ஆடுகள் சித்திரை வைகாசியில் சீமைக்கருவேலங்காய் தின்றவை. காயின் சதை ஆட்டுக்கு, விதை முழுசாக வெளியே வந்துவிடும், வயிற்றில் ஊறி வந்ததால் இன்னும் சுருக்காக முளைக்கும். போதாததற்குப் பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றிலிருந்து எட்டு வண்டி சாணி எரு வாங்கினேன். கையில் எடுத்துப் பார்த்தபோதே வைக்கோல் வைக்கோலாக இருந்தது, மக்கவில்லை. பரவாயில்லை, நிலத்தில் மக்கிவிடும் என்று கொட்டினேன். பார்த்தீனியமும் முள்ளுக்கீரையும் அந்த எட்டு வண்டியில்தான் வந்து இறங்கின. கொட்டிய குவியல் இருந்த இடம் வட்டம் வட்டமாகத் தனியாகத் தெரிந்தது. எரு நன்றாக மக்கும்போது உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும், அந்தச் சூட்டில்தான் களை விதை சாகும். அந்தச் சூடு வராத எருவைக் கொட்டுவதும் களையை விதைப்பதும் ஒன்றுதான்.

இரண்டாம் தப்பு மாசம். மழையில் நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம் என்று ஐப்பசியில் நட்டேன். கரணை பிழைக்க அது நல்ல மாசம்தான். ஆனால் எங்கள் பக்கம் வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசத்தில் வந்துவிடுகிறது, வருசம் முழுக்க மண்ணுக்குள் காத்திருந்த விதையெல்லாம் அப்போதுதான் கிளம்பும். ஈரத்தில் களைவெட்ட ஆள் இறங்க முடியாது. இறங்கி வெட்டினாலும் பருப்புக்கீரையும் கானாவாழையும் வெட்டிப் போட்ட இடத்திலேயே மறுபடி வேர்விடும். அருகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தைச் சொன்னவர் காட்டில் களைவெட்டியவராகத்தான் இருக்க வேண்டும். நான்கு தரம் ஆள் விட்டேன். ஏக்கருக்கு ஒரு தரத்துக்கு 13 பேர்.

மூன்றாவது, கோரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தோட்டத்தின் மேற்கு மூலையில் கோரை இருந்தது எனக்குத் தெரியும். கால் ஏக்கர் இருக்கும். நடவுக்கு முன்னால் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கலாம் என்று, ஈரப்பதத்தில் ரோட்டவேட்டரை விட்டு இரண்டு ஓட்டு ஓட்டினேன். மாவு மாதிரி ஆனது மண். இருபதே நாளில் கால் ஏக்கர் கோரை முக்கால் ஏக்கர் ஆகியிருந்தது.

பின்னால் ஒருநாள் கடப்பாரை எடுத்துப்போய், ஒரு கோரையை இழுக்காமல் சுற்றிலும் தோண்டி முழுசாக எடுத்துப் பார்த்தேன். மேலே நாலு இலை. கீழே ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு, மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு. ருத்திராட்ச மாலையைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. எண்ணினால் ஏழு. கறுத்த தோலை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை வெளேர் என்று சதை, நல்ல வாசம். அந்த ஏழில் ஒன்றுதான் இலை விட்டிருந்தது. மற்ற ஆறும் உறங்கிக் கிடந்தன. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை முன்னால் நிற்கிற கிழங்கு மற்றதை முளைக்க விடாமல் வைத்திருக்குமாம். ரோட்டவேட்டரின் கத்தி அந்தச் சங்கிலியை ஏழு துண்டாக அறுத்து, ஏழையும் எழுப்பிவிட்டு, கத்தியில் ஒட்டிய மண்ணோடு காடு முழுக்கக் கொண்டுபோய் நட்டும் விட்டது. காசு கொடுத்துக் கோரை நட்டிருக்கிறேன்.

களைக்கொத்தால் கோரையை வெட்டினால் கிழங்கு அடுத்த குருத்தை அனுப்பும். கிழங்குக்குப் பிடிக்காதவை இரண்டே இரண்டு, காய்ச்சலும் நிழலும். சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்வார்கள். சட்டிக் கலப்பையால் ஆழ உழுது கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டு, ஒரு சொட்டு ஈரம் படாமல் சித்திரை வெயிலில் இரண்டு வாரம் கிடந்தால், மேலே வந்த கிழங்கு சுருங்கிச் செத்துவிடும். நடுவில் கோடைமழை பெய்தால் உழைப்பு பாழ், காய்ந்ததும் மறுபடி உழ வேண்டும். எஞ்சியதை நிழல் பார்த்துக்கொள்ளும். நேப்பியர் நெருங்கி மூடிய இடத்தில் கோரை சாகாவிட்டாலும் நூலாக இளைத்துவிடுகிறது. என் முதல் தோட்டத்திலேயே புல் கட்டிய இடத்தில் கோரை இல்லை, பொக்கை விழுந்த இடத்தில் மட்டும் கொழித்து நிற்கிறது.

மருந்து அடித்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

புல்லுக்குள் புல் களையைக் கொல்ல மருந்து கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகையும் காக்காய்க்கால் புல்லையும் கொல்வது நேப்பியரையும் கொல்லும். கிளைபோசேட் எதையும் விடாது, நட்டபின் அதற்கு வேலையே இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று கட்டுப்படுத்தியும் விட்டது. மக்காச்சோளத்துக்கு விதைத்தவுடன் அடிக்கிற அட்ரசினை நேப்பியர் தாங்கும், ஆனால் ஊடே தட்டைப்பயறு போட நினைத்தால் அது வராது. மிச்சம் இருப்பது 2,4-டி. அகன்ற இலைச் செடிகளைச் சுருட்டிக் கொல்லும், புல்லை விட்டுவிடும்.

இரண்டாவது வருசம் வைகாசிக் கடைசியில், அறுப்பு முடிந்த முதல் தோட்டத்தின் பொக்கைகளில் பார்த்தீனியத்தின் மேல் அதை அடித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் காற்று இல்லை. பத்து மணிக்கு எழும்பியது. இன்னும் ஒரு டேங்குதானே என்று அடித்து முடித்துவிட்டேன். ஆறாம் நாள் கிழக்குத் தோட்டத்து மாமா கூப்பிட்டனுப்பினார். அவர் பருத்திச் செடியின் கொழுந்து இலையெல்லாம் அகலம் போய், விரல் விரலாகப் பிரிந்து, சுருங்கி நின்றன. பருத்திக்கு அந்த மருந்தின் வாசம் போதும். மூன்று சாலுக்கு நல்ல அடி, அதற்கு அந்தப் பக்கம் லேசாக. மாமா ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்கோணும் மாப்பிள்ளை" என்றார், அவ்வளவுதான். அந்த மூன்று சாலுக்கான விளைச்சலை நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, அத்தை கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப்பின் என் காட்டில் அந்த மருந்து இல்லை. முருங்கையும் பருத்தியும் தக்காளியும் அடுத்தடுத்து நிற்கிற ஊரில், காற்றுக் காலத்தில் அதை அடிப்பது பக்கத்துக் காட்டின் மேலேயே அடிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பார்த்தீனியம் வெட்டுகிறவர்களுக்குக் கை அரிப்பு, சிலருக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு. கையுறையும் முழுக்கைச் சட்டையும் காட்டுக்காரர்தான் வாங்கித் தரவேண்டும். பூ விடுமுன் வெட்டிவிட வேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

இரண்டாவது தோட்டத்துக்கு வருகிறேன். அதுவும் இரண்டு ஏக்கர். இந்தத் தடவை கரணை வாங்குவதற்கு ஒன்பது மாசம் முன்னாலேயே வேலை தொடங்கிவிட்டது. சித்திரையில் ஆழ உழவு, இருபது நாள் காய்ச்சல், மறுபடி குறுக்கே உழவு. வைகாசியில் ஆட்டுப்பட்டிக்குப் பதில் மக்கிய எரு, ஒரு வருசம் குழியில் கிடந்து கறுத்து உதிர்கிற எரு. புரட்டாசியில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைத்து மழையை அதன்மேல் விட்டு, பூவெடுத்ததும் மடக்கி உழுதேன். மார்கழிக் கடைசியில் பார் பிடித்து, சொட்டுநீர்க் குழாய் விரித்து, நடாமலேயே தண்ணீர் விட்டேன். பார்க்க வந்தவர்கள் வெறும் மண்ணுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் குழாயின் இரண்டு பக்கமும் பச்சைக் கோடு போட்ட மாதிரி களை முளைத்துவிட்டது. இரண்டு இலைப் பருவத்திலேயே, மண்ணை ஆழமாகக் கிளறாமல், கொத்தால் மேலாகச் சுரண்டிவிட்டோம். ஆழக் கிளறினால் அடியில் உறங்குகிற விதையெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அப்படி ஒருதரம் முளைக்க விட்டுச் சுரண்டிய பிறகுதான் நட்டோம். தை மாசம் பதினெட்டாம் தேதி.

தையில் நட்டதால் முதல் அறுபது நாளும் மழை இல்லை. தண்ணீர் குழாய் ஓரத்தில் மட்டும் போனது, நடுச்சால் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண்ணில் களை எப்படி வரும்? கரணைக்குப் பக்கத்தில் வந்ததைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதும் மதியத்துக்குள் வெயிலில் வதங்கிப் போனது.

இடைவெளியில் பல்கலைக்கழகப் பரிந்துரையை நான் மாற்றினேன். அவர்கள் சொல்வது சாலுக்குச் சால் 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர். எக்டருக்கு 33,333 கரணை. நெருக்கமாக இருப்பதால் சுருக்காக மூடும். ஆனால் அந்த இரண்டடிச் சாலில் என்னிடம் உள்ள பவர் வீடர் என்ற களையெடுக்கும் வண்டி போகாது, முழுக்க ஆள்தான். நான் மூன்றடிக்கு இரண்டடி வைத்தேன். ஏக்கருக்கு 7,260 கரணைதான். மூடுவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் கூடப் பிடித்தது. அந்தத் தாமதத்துக்குப் பதிலாக வண்டி போக வழி கிடைத்தது. ஆள் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் இருந்தால் நெருக்கமாகவே நட்டிருப்பேன். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் திருப்பூர் கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

முதலில் பாதி நிலத்தில் மட்டும், திறந்து கிடந்த நடுச்சாலில் தட்டைப்பயறு ஊன்றினேன், அதற்குத் தனியாகக் குழாய் போட்டு. கொள்ளை விதைத்துப் புல்லைக் காத்த அப்பாருவின் வழிதான் இது. ஐம்பதாம் நாள் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டபோது அடியில் மண் சுத்தமாக இருந்தது. தட்டைப்பயறு போடாத பாதியை 42ஆம் நாள் பவர் வீடர் விட்டு ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரு சின்ன விசயம், ஆனால் நான் மிகவும் மதிக்கிறது. கயிறு. நட்ட அன்றைக்கே ஒவ்வொரு சாலின் இரண்டு முனையிலும் குச்சி அடித்து, பழைய தறி நூலை முறுக்கிக் கட்டிவிட்டோம். மூத்த அக்கா சொன்ன யோசனை. 20ஆம் நாள் களைவெட்ட வந்தவர்கள் கயிற்றுக்கு அடியில் இரண்டடிக்கு ஒன்றாக இருப்பதை மட்டும் விட்டார்கள். ஒரு முளைகூட வெட்டுப்படவில்லை. அன்றைக்கே முளைக்காத இடங்களில், வரப்போரத்தில் முளைக்க வைத்திருந்த கரணைகளைப் பாடு நிரப்பினோம். நூற்றுக்கு ஆறுதான் வேண்டியிருந்தது.

முதல் அறுப்போடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. அறுத்த அன்றைக்கு மண்ணுக்கு மறுபடி வெயில் கிடைக்கிறது, எண்பது நாளாக நிழலில் கிடந்த விதைகள் எழுந்திரிக்கும். அறுத்த வாரத்திலேயே ஒரு களைவெட்டு, உரம், மண் அணைப்பு. குத்து இரண்டாம் அறுப்புக்குப் பருத்துவிடும். அதற்குப்பின் 45 நாளுக்கு ஒருதரம் அறுக்கிறேன், களைக்கு என்று தனியாக ஆள் விடவில்லை.

புல்லே ஒருநாள் களையாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஏரியையும் ஓடையையும் அடைத்து நிற்கிற சீமைக்கருவேலம் வெளிநாட்டிலிருந்து விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து பரப்பிய மரம்தானே. எரிபொருளுக்காக வந்தது எப்படிப் போகும் என்பதை எங்களைப்போல் பார்த்தவர்கள் குறைவு. கம்பு நேப்பியர் கம்புக்கும் யானைப்புல்லுக்கும் பிறந்த ஒட்டு, முளைக்கிற விதை வைக்காது. அதனால்தான் கரணை நடுகிறோம். ஆனால் ஒவ்வொரு கணுவும் ஒரு விதைதான். அறுத்த தட்டையை வாய்க்கால் கரையிலும் ஓடையிலும் எறிந்தால் அங்கே வேர் பிடிக்கும். என் காட்டிலிருந்து ஒரு தட்டைகூட ஓடைக்குப் போகக் கூடாது என்று அறுப்பு வண்டிக்காரரிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறேன்.

கணக்கு நோட்டு என் முன்னால் இருக்கிறது. முதல் தோட்டத்தில் எண்பது நாள் களைக்கு 104 ஆள், ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 41,600. அப்படியும் மூன்றில் ஒரு பங்கு பொக்கை. இரண்டாவது தோட்டத்தில் சுரண்டலையும் சேர்த்து 24 ஆள், 9,600. கோடை உழவும் பவர் வீடரும் சேர்ந்து 9,000. ஆக 18,600.

புல் வாங்குகிற அந்த ஆள் போன மாசம் மறுபடி வந்தார், ஊரில் இன்னும் இருபது ஏக்கர் பிடித்துத் தரச்சொல்லி. இந்த நோட்டைக் காட்டி அவரிடம் சொன்னேன்: நீங்கள் டன்னுக்கு விலை பேசுகிறீர்கள், முதல் டன் வருமுன் எண்பது நாள் இருக்கிறது, அந்த எண்பது நாளில் பயிர் பிழைத்தால்தான் உங்கள் ஆலைக்கு ஐந்து வருசம் புல். அந்தக் களைக்கூலி தறி வாங்கிய பணம் மாதிரி, முதலீடு. அதில் பாதியையாவது ஒப்பந்தத்தில் முன்பணமாக எழுதுங்கள். சித்திரையில் உழாத காட்டில் நடச் சொல்லாதீர்கள். ஐப்பசியில் நடச் சொல்லாதீர்கள். அவர் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பதில் வராமல் நான் யாரிடமும் போய் நடுங்கள் என்று சொல்ல மாட்டேன். என்னை நம்பி நட்டு, 23ஆம் நாள் வரப்பில் நின்று எது பயிர் என்று தேடுகிற நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது.

என் மூன்றாவது தோட்டம் ஒரு ஏக்கர். சித்திரை உழவு முடிந்து, இப்போது சணப்பை நிற்கிறது. நேற்று சாயந்திரம் மூத்த அக்கா வீட்டுப்பக்கம் வந்திருந்தார்.

"தையில எந்தத் தேதி தம்பி நடறீங்க?"

"பத்தாந்தேதி வாக்குலீங்க்கா."

விரல் மடக்கி எண்ணினார். "அப்ப மாசி மொதத் தேதிக்கு எட்டுப் பேரைச் சொல்லி வெச்சுப்போடறேன். அஞ்சு நாளு தள்ளுனா பதினாறு பேரு வேணும், ஆமா. நூலு இருக்குதுங்களா, போன தடவ கட்டுனது?"

இருக்கிறது என்றேன். தறிக் கொட்டகையில் சுருட்டி மாட்டி வைத்திருக்கிறேன். அவர் போனதும் நோட்டை எடுத்து, கரணைக் கணக்கு எழுத வேண்டிய பக்கத்தின் தலையில், மாசி 1, எட்டுப் பேர் என்று எழுதினேன்.